கிணற்றில் கிடந்த அசுரன்

இருபத்தாறு வருடம் நான் தவளை அறுத்தேன். வேலை உத்தரவில் விலங்கியல் விரிவுரையாளர் என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் இப்போது யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், மெழுகுத் தட்டில் மல்லாந்து கிடக்கும் தவளைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வருடம் மாறும், பிள்ளைகள் மாறுவார்கள், அந்தத் தட்டும் குண்டூசியும் குளோரோஃபார்ம் வாடையும் மாறாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எலும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கான விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தேன். பத்து வருடம் கழித்து அதைத் தேடி எடுத்தபோது, பின்பக்கத்தில் என் மனைவி மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் துறைக்குத் தவளை கொண்டுவந்து கொடுத்தவர் நாகமலைக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். ஓடைக்கரையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் முக்கால்வாசி மல்லிகை. நிலத்தின் மூலையில் அவருடைய அப்பா காலத்துக் கிணறு. மழை பெய்தால் கிணற்றிலும் ஓடையிலும் தவளை பிடித்து, ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறிவிடுவார். இன்னொரு கையில் வாழையிலையில் ஈரத் துணி சுற்றிய மல்லிகை மொட்டு இருக்கும். அது என் மனைவிக்கு. சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டால் கீரை என்று சொல்லிவிடுவாராம். ஒருநாள் பழங்காநத்தம் தாண்டியதும் கீரை கத்திவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு தவளையை எடுத்து, காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இவந்தான் சார் கத்துனவன், இவனை மொதல்ல அறுங்க" என்றார்.

அப்புறம் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல மழை பொய்த்தது. சாக்கு சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு தட்டுக்கு ஒரு தவளை என்றிருந்தது மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தவளை என்று ஆனது. மல்லிகைப் பொட்டலமும் சிறுத்தது. "செடி இன்னும் சாகல சார். வேரு உசுரோட இருக்கு. பங்குனிக்குள்ள ஒரு தண்ணி காட்டிட்டா பொழச்சுக்கிரும். அதுக்குத்தான் கெணத்தை ஆழம் வெட்டுறோம்" என்றார். பதினைந்து வருடத்துச் செடிகள் அவை. அவர் மனைவி கையால் நட்டவை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செடிகள் போனால் திருப்பூர்ப் பக்கம் எங்காவது மில்லில் போய் நிற்க வேண்டியதுதான் என்று ஒருமுறை சொன்னார். ஐம்பதை நெருங்கும் ஆளை மில்லில் எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன், வெளியே சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் ஒருநாள் சாக்கு இல்லாமல் வந்தார். செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது. காலையில் எங்கள் கல்லூரியில் தேர்வு, மதியம் வேறொரு கல்லூரியில் வெளித்தேர்வாளர் வேலை, சாயங்காலம் தல்லாகுளத்தில் டியூஷன், அதற்கப்புறம் ஒத்தக்கடைக்குப் பஸ். ஆறாவது நாளாக இப்படி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு நின்றுகொண்டே தூக்கம் வந்தது. அவர் ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், கெணத்துக்குள்ள ஒரு எலும்பு கெடக்கு."

"மாடு விழுந்திருக்கும்ணே."

"மாடு இல்ல சார். என் இடுப்புத் தண்டி இருக்கு. வெட்டுற ஆளுக ரெண்டு பேரும் கடப்பாரையைப் போட்டுட்டு மேல ஏறிட்டாய்ங்க. அசுரனோட எலும்பாம்."

அவர்கள் ஊர்ச் சாமிக்கு ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் அந்தப் பக்கம் ஓர் அசுரன் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வந்தானாம். சாமி அவனை ஓடைக்கரையில் மறித்து, மார்பில் மிதித்து மண்ணுக்குள் இறக்கிவிட்டதாம். கோயிலில் சாமியின் காலடியில் ஒரு தலை மட்டும் செதுக்கி வைத்திருப்பார்கள். உடம்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்போது கிடைத்துவிட்டது என்று ஊர் சொன்னது.

"பூசாரி என்ன சொல்றாரு?"

"அவரு நல்ல மனுசன் சார். என்னான்னு தெரிஞ்சவுகளைக் கூட்டியாந்து காட்டு, அதுக்குத் தக்கன செய்வோம்ங்கிறாரு. ஒருத்தருக்கும் தெரியலேன்னா அசுரன்னு வச்சு, ஒரு கெடா வெட்டி ரத்தங் காட்டிட்டு, எலும்பை ஊரு எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுட்டு வேலையைப் பாக்கலாம்ங்கிறாரு. ஆனா வெட்டுற ஆளுக பயப்புடுறாய்ங்க. நீங்க வந்து இது சாதா மிருகம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவிங்களுக்கும் தைரியம் வந்துரும். நாளைக்கே தண்ணியைப் பாத்துரலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படுத்துத் தூங்கவேண்டும் என்று வாரம் முழுக்க நான் காத்திருந்த நாள். வருகிறேன் என்று சொன்னேன். அவருக்காகச் சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னிடம் எலும்பைப் பற்றி, பதில் தேவைப்படுகிற ஒரு கேள்வி கேட்டிருந்தார். அந்தக் கிறக்கமும் இருந்தது.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் ஆனைமலை தெரியும். படுத்திருக்கும் யானையேதான். மதுரையை அழிக்க மந்திரவாதிகள் ஏவிவிட்ட யானை அது என்றும், சொக்கர் அம்பெய்து அதைக் கல்லாக்கினார் என்றும் சொல்வார்கள். அடுத்ததாக அவர்கள் ஏவிய பாம்பு நாகமலை, பசு பசுமலை. அன்று காலை யானையடியில் பஸ் ஏறி, பசுவைத் தாண்டி, பாம்பின் வால்வரைக்கும் போய் இறங்கினேன். அந்த மலைகளைப் பற்றி வகுப்பில் கிண்டலடிக்காத வருடமே கிடையாது. கல்லைப் பார்த்தால் யானை என்பார்கள், யானையைப் பார்த்தால் சாமி என்பார்கள், நம்மவர்களுக்கு எதையும் அதுவாகப் பார்க்கத் தெரியாது என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிணற்றைச் சுற்றி இருபது பேர் இருந்தார்கள். கடப்பாரைக்காரர்கள் இருவரும் கருவேல மர நிழலில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். பூசாரி அறுபது வயதுக்காரர், ஒல்லி. என்னைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து ஒரு கல்லைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நேரே இறங்குகிறேன் என்றேன். பாதிவரைக்கும் சுவரில் பதித்த படிக்கல். அதற்குக் கீழே கயிறு. தவளைக்கார அண்ணன் முன்னால் இறங்கி, என் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு கல்லாக வைத்துவிட்டார்.

கீழே குளிர்ச்சியாக இருந்தது. சரளையும் களிமண்ணும் கலந்த தரை. அதில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் கசிந்து நின்றது.

"ஊத்துக்கண்ணு சார்" என்று அவர் காதோடு சொன்னார். "எலும்புக்கு நேர் அடியில இருக்கு. அதை நகட்டிட்டா பொங்கிரும்."

எலும்பு அந்த ஈரத்துக்கு மேலே குறுக்காகக் கிடந்தது. பாதிக்கு மேல் இன்னும் சுவருக்குள். வெளியே தெரிந்தது ஒரு முனையும் ஒரு முழ நீளமும்தான். முனையில் உருண்டையான குமிழ், இடுப்புக் குழியில் போய்ப் பொருந்துகிற குமிழ். தொடையெலும்பு என்பதில் சந்தேகமே இல்லை. தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி சத்தம் வந்தது. பக்கத்தில் கடப்பாரை பட்டு உதிர்ந்த ஒரு சில்லு கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் துறைச் சுவரில் யானையின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று இருபது வருடமாகத் தொங்குகிறது. அந்தக் குமிழும் இந்தக் குமிழும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி. இடுப்பு வலித்தது, மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

மேலே ஏறியதும் பூசாரி கிட்டே வந்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். அவசரமில்ல. தெரியலேன்னாலும் ஒண்ணும் குத்தமில்ல."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தெரியலேன்னாலுமா? யாரைப் பார்த்து என்ன கேட்கிறார் இந்த ஆள் என்று தோன்றிவிட்டது. இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மனைவி சற்றுத் தள்ளி, கருகிய மல்லிகைச் செடிகளுக்கு நடுவே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தெரியாம என்ன? அசுரனும் இல்லை, பூதமும் இல்லை. யானை. யானையோட தொடையெலும்பு" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஒரு கணம் அண்ணனின் முகம் மலர்ந்தது. மிருகம்தான், பயமில்லை, கடப்பாரையை எடுங்கடா என்று திரும்பினார். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. பூசாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குலவையிட்டாள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் குலவையிட்டார்கள்.

"யானைன்னா பிள்ளையாருல்ல" என்றார் பூசாரி.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் வேறு யாரும் சிரிக்கவில்லை. கடப்பாரைக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஐயா, இது செத்துப்போன மிருகம். என்னைக்கோ தண்ணி குடிக்க ஓடைக்கு வந்திருக்கும், சேத்துல மாட்டிச் செத்திருக்கும். இதுல சாமி எங்க இருக்கு?"

"நீங்க சொல்றது சரிதான் சார். செத்துத்தான் கெடக்கு. நாங்க இல்லைங்கலியே. அசுரன்னா ரத்தங் காட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டுருவோம். பிள்ளையாருக்கு ரத்தங் காட்ட முடியுமா? அவரு வந்து உக்காந்த எடத்துல இருந்து கெளப்பலாமா? நீங்களே சொல்லுங்க."

கத்தினேன். படித்தவன் வந்து சொன்ன பிறகும் இப்படியா, உங்களுக்குக் கிணறு வேண்டுமா வேண்டாமா, இந்த மனிதரின் செடி சாகிறதே கண்ணில் படவில்லையா என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவர்கள் கோபப்படவில்லை. வெயிலில் வந்த ஆள் என்று ஒருவர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன்.

பூசாரி கடைசியில், சாமியிடமே கேட்டுவிடலாம் என்றார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி வாழைநார் சுற்றிக் கோயில் வாசலில் போடுவார்கள். சிவப்பு வந்தால் எலும்பை எடுக்கலாம், வெள்ளை வந்தால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வெள்ளைப் பூவுக்காக அண்ணனின் செடிகளில் தேடினார்கள். அவ்வளவு பெரிய தோட்டத்தில் நாலு மல்லிகை மொட்டு கிடைத்தது. ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். அந்த நாலு மொட்டுகள் உள்ளங்கையில் உருண்டன.

அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூட வந்தார். பஸ் வர அரைமணி நேரம் ஆனது. "யானைதான்னு கண்டுபிடிச்சுட்டீகளே சார், அம்புட்டுப் பெரிய படிப்பு" என்று மட்டும் சொன்னார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். குத்திப் பேசத் தெரிந்த ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

கிணற்றுக்குள் தினமும் இறங்கிப் பூசை செய்யமுடியாது என்பதால் மணலைக் கொட்டிக் கிணற்றை மூடினார்கள். மேலே ஒரு மேடை கட்டிக் கல் பிள்ளையார் ஒருவரை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வேறு கிணறு தோண்டப் பூசாரி மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஏக்கரில் வேறு எங்கே ஊற்று இருக்கிறது? யாரோ போர் போட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். போட்டதில் வெறும் புழுதிப் புகைதான் வந்தது. மல்லிகை சித்திரைக்குள் போய்விட்டது. இதையெல்லாம் வைகாசியில் அவரே வந்து சொன்னார். கும்பாபிஷேக நோட்டீஸ் கொடுக்க வந்திருந்தார். மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. "யானையின் அங்கம் என்று மதுரைக் கல்லூரிப் பேராசிரியரால் நேரில் ஆய்வு செய்து உறுதி கூறப்பட்ட" என்று இரண்டாவது வரியில் இருந்தது. வாழ்க்கையில் என் ஆராய்ச்சி முடிவு அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். என் பதவியையும் உயர்த்திப் போட்டிருந்தார்கள். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மேசை இழுப்பறையில், மாத்திரை டப்பா ஒன்றில், அந்தச் சில்லு இருந்தது. ஒருநாள் அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பழைய எலும்பு நாக்கில் ஒட்டும் என்று எப்போதோ படித்திருந்தேன். ஒட்டிக்கொண்டது. சாதாரண எலும்பு இல்லை அது, எலும்பாக இருந்து கல்லாகிப்போனது. நேற்றோ முந்தாநாளோ ஓடையில் செத்த யானைக்கு இப்படி ஆகாது. மனிதன் என்று ஒருவன் இந்தப் பக்கம் நடமாடாத காலத்து மிருகமாகவும் இருக்கலாம். இன்றைய யானைக்குப் பங்காளியாக இருக்கலாம், பங்காளிக்கும் பங்காளியாக இருக்கலாம். காண்டாமிருகத்தின் சொந்தமாகக்கூட இருக்கலாம். பாதி முனையை வைத்துக்கொண்டு, அரை இருட்டில், டீ நினைப்போடு நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அப்புறம் கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் தொடாத அலமாரியில் இது பற்றிய புத்தகங்கள் இரண்டு மூன்று இருந்தன. உலகத்தில் எல்லா ஊரிலும் மண்ணைத் தோண்டியவர்கள் இப்படி எலும்பைப் பார்த்திருக்கிறார்கள். யவனர்கள் தங்கள் பழைய வீரர்களின் எலும்பு என்று பெட்டியில் வைத்துக் கோயிலில் பூட்டியிருக்கிறார்கள். யானையின் தொடையெலும்பு மனிதனுடையது போலவே நேராக இருக்கும் என்பதால் அப்படித் தோன்றியிருக்கிறது. யானையின் மண்டையோட்டில் தும்பிக்கைக்காக நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அதைக் கண் என்று எடுத்துக்கொண்டு ஒற்றைக்கண் அரக்கன் கதை பிறந்திருக்கலாம் என்கிறார்கள். சீனத்தில் டிராகனின் எலும்பு என்று இடித்து மருந்தாகக் குடித்தார்கள். பைபிள் படித்தவர்கள் பிரளயத்தில் மூழ்கிய இராட்சதர்கள் என்றார்கள். இமயமலை அடிவாரத்தில் மண்ணிலிருந்து வரும் எலும்புகளைப் பாரதப் போரில் மடிந்தவர்களுடையது என்று சொல்வதுண்டாம். நம் பக்கத்திலேயே, வடக்கே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றை அசுரனின் எலும்பு என்று ஊரார் சொல்வார்கள். என் மாமியார் வீட்டுப் பூசையில் இருந்த சாளக்கிராமமும் ஒரு காலத்தில் கடலில் நீந்திய, நத்தை மாதிரியான பிராணி ஒன்றின் கல்தான். சக்கரம் மாதிரி சுருண்டிருப்பதால் பெருமாள் ஆகிவிட்டது.

படிக்கப் படிக்க வகுப்பில் அடித்த கிண்டல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து கூசியது. அந்த ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள்? இது எலும்பு என்றார்கள். உயிரோடு நடமாடிய ஒன்று என்றார்கள். இப்போது இருக்கும் எதையும்விடப் பெரியது, நமக்கு ரொம்ப முன்னால் இருந்தது, இப்போது இல்லை என்றார்கள். அதற்கு அவர்களிடம் இருந்த ஒரே வார்த்தை அசுரன். நான் என்ன சொன்னேன்? சித்திரை வீதியில் மணி கட்டிக்கொண்டு நடக்கிற, வாழைப்பழம் தின்கிற மிருகத்தின் பெயரைச் சொன்னேன். விலங்கியல்படி பார்த்தாலும் அவர்களுடைய அசுரன் என்னுடைய யானையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், "தெரியலைன்னு சொல்றதுக்கு என்ன கேடு ஒங்களுக்கு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தடவை அந்த வார்த்தையை ஒங்க வாயில கேட்டிருக்கேனா?" என்றாள்.

கிராமத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று முறை நினைத்தேன். கிணறு மூடியாகிவிட்டது. பிள்ளையாருக்குச் சனங்கள் தேங்காய் உடைக்கிறார்கள். இனிமேல் போய், அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று சொல்வதுதான் சரி. அடுத்த வருடம் தவளைகள் வேறொரு ஆள் மூலமாக வந்தன. அவர் மல்லிகை கொண்டுவரமாட்டார். சில வருடங்களில் தவளை அறுப்பதே குறைந்துபோய், பிளாஸ்டிக் மாதிரிகளும் படங்களும் வந்தன. நானும் ஓய்வு பெற்றேன்.

பூ மார்க்கெட் மாட்டுத்தாவணிக்கு மாறி வந்த பிறகு, ஒரு சதுர்த்தியன்று காலையில் மனைவிக்குப் பூ வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஒரு கடையில் குவித்திருந்த மல்லிகையை அள்ளி, மொட்டின் காம்பை நகத்தால் கிள்ளிப் பார்த்து, "நேத்துப் பூவுல தண்ணி தெளிச்சு விக்கிறியா?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"அண்ணே."

திரும்பிப் பார்த்து, "சாரா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கல்லூரியில் வாட்ச்மேன் வேலையாம். நாலு வருடமாகிறதாம். என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நாலு வருடமும் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சொன்னார். சதுர்த்திக்குச் சதுர்த்தி லீவு போட்டுவிட்டு, இங்கே பூ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு வருவாராம்.

"நம்ம தோட்டத்துல பூத்ததை ஊருக்கெல்லாம் குடுத்தேன். இப்ப நம்ம தோட்டத்துச் சாமிக்கு வெல குடுத்து வாங்கிட்டுப் போறேன் பாருங்க" என்று சிரித்தார். பஸ்ஸில் கீரை கத்திய கதையைச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

இருவரும் டீ குடித்தோம். டவுன் பஸ் நிற்கும் இடம்வரைக்கும் கூடவே நடந்தேன். அங்கே நின்று பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளையாருக்கு வாங்கிய பூவிலிருந்து இரண்டு கை அள்ளி ஒரு வாழையிலைத் துண்டில் பொதிந்தார். "வீட்ல அம்மாகிட்ட குடுங்க. பழைய கணக்கா நெனைச்சுக்கச் சொல்லுங்க" என்று என் கையில் வைத்தார். பிறகு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. தப்பா எடுத்துக்கிராதீக. அது நெசமாவே யானைதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளையார் ஒருவர்தான். அதையும் நான் ஏன் பிடுங்கவேண்டும்? வாயைத் திறந்தேன். ஆமாம் என்ற வார்த்தை அந்தக் கிணற்றடியில் வந்ததைப் போல அன்று வரவில்லை. வயதாகிவிட்டது, களைத்துவிட்டேன், இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பு இல்லை.

"தெரியாதுண்ணே" என்றேன். "அன்னைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என் முகத்தில் எதையோ சரிபார்ப்பவர் மாதிரி பார்த்தார். பஸ் வந்து நின்றது. பூப்பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் காலை வைத்தவர், திரும்பிச் சொன்னார்:

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒரு கெடாயோட போயிருக்கும் சார்."

பிறகு, "வாரேன் சார்" என்று உள்ளே ஏறிப்போய், கூட்டத்தில் பூ நசுங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.